கிலோமீட்டரில் மலையை அளப்பவர்களுக்கு

மலைப்பகுதிகளில் சாலை, அணை, சுரங்கப்பாதை, மின்நிலையம் என்று திட்டம் போடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்குக் கடன் ஒப்புதல் தரும் வங்கிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் திட்ட அறிக்கைகளில் பொதுமக்கள் பார்வைக்கு வருபவற்றைப் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியவை போலத்தான் பல இருக்கும். இருந்தாலும் படிப்பேன். ஊர்களைப் பற்றிய அட்டவணையில் தவறாமல் ஒரு வரி வரும்: அருகிலுள்ள மருத்துவமனை, இத்தனை கிலோமீட்டர். நான்கு என்று போட்டிருந்தால், பரவாயில்லையே, பக்கம்தான் என்று படிப்பவருக்குத் தோன்றும். அந்த நான்கு கிலோமீட்டருக்குள் 600 மீட்டர் ஏற்றம் இருக்கிறதா என்று அட்டவணை சொல்லாது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவையில் சொன்னால், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி அந்த நான்கு கிலோமீட்டர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர நடை. அதுவும் திடகாத்திரமான ஆளுக்கு, நல்ல வானிலையில், கையில் சுமை இல்லாதபோது. பிரசவ வலி கண்டவளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கான கணக்கை அவர் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளில் நிற்கும் மஞ்சள் கைகாட்டிகள் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் நேரத்தைத்தான் போடுகின்றன. நடப்பவருக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் வைத்த பலகை.

இந்த மடல் எழுதுவது அந்த ஒரு குறைக்காகத்தான். மலையை நீளத்தாலும் பரப்பாலும் அளக்கிறீர்கள், உயரத்தை விட்டுவிடுகிறீர்கள். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு மலை. அங்கே வாழ்பவர்கள் நூறு கோடிக்கும் மேல். அவர்கள் எங்கே வீடு கட்டுவது, எப்போது விதைப்பது, யாரோடு பேசுவது, எந்த மாதம் எந்த இடத்தில் இருப்பது என்பதையெல்லாம் உயரமும் சரிவும்தான் தீர்மானிக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வரைந்த வரைபடத்தில் அந்த மக்களும் விடுபட்டுப் போகிறார்கள்.

ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் தெளிந்த குளிர்கால இரவில் கதை தலைகீழ். தரை வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்குகிறது. விடிகாலையில் உறைபனி கருக்குவது அடித்தளத்து வயல்களைத்தான். கொஞ்சம் மேலே, சரிவின் நடுவில், அதே நேரத்தில் சில பாகை வெதுவெதுப்பு இருக்கும். தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள் வீட்டையும் பழ மரங்களையும் அந்த இடைப்பட்ட பட்டையில் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கீழே இவ்வளவு சமதளம் சும்மா கிடக்கும்போது எதற்கு மேட்டில் போய்த் தொங்குகிறார்கள் என்று தோன்றும். மறுகுடியமர்வு என்று வந்தால் அந்தச் சமதளத்தில்தான் வரிசையாக வீடு கட்டிக் கொடுப்பார்கள். அது குளிர் தேங்கும் பள்ளம் என்பதோ, மழைக்காலத்தில் ஆறு திரும்பி வரும் பழைய படுகை என்பதோ குடியேறிய பிறகுதான் தெரியவரும்.

வெயிலும் அப்படியே. ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு பக்கங்கள் இரண்டு ஊர்கள் மாதிரி. ஒன்றில் காலையிலேயே பனி உருகும், மற்றதில் மாதக்கணக்கில் நிழல். நார்வேயில் ருயுக்கான் என்று ஒரு தொழில் நகரம். அருவியிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழமான பள்ளத்தாக்கில் ஒரு நிறுவனம் எழுப்பியது. அங்கே செப்டம்பர் வாக்கில் மறையும் சூரியன் மார்ச்சில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும். தொழிலாளர்களும் குடும்பத்தினரும் குளிர்காலத்தில் மேலே போய்க் கொஞ்சம் வெயில் காயட்டும் என்று அந்த நிறுவனமே 1928இல் ஒரு கம்பிவட ஊர்தியை அமைத்துக் கொடுத்தது. 2013இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். அருவியைப் பார்த்து இடம் தேர்ந்தவர்கள் வெயிலையும் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் இழந்தது என்ன என்று புரிந்து ஒன்றைச் செய்தார்கள். உங்கள் அறிக்கைகளில் வெயிலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்து நிலம். மலைக்காரர்களின் நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அதனால்தான் விளைச்சல் இல்லை, ஒன்றுசேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். ஆண்டீஸ் மலைகளில் ஒரே சமூகம் வெவ்வேறு உயரங்களில் நிலம் வைத்துக்கொண்டதை மானிடவியலாளர் ஜான் முர்ரா விரிவாக ஆராய்ந்தார். உச்சிப் புல்வெளியில் லாமா மந்தை, அதற்குக் கீழே உருளைக்கிழங்கு, இன்னும் கீழே மக்காச்சோளம், சூடான அடிவாரத்தில் கோக்கா. ஒரு தட்டில் உறைபனி அடித்தால் இன்னொரு தட்டு காப்பாற்றும். ஒன்று அறுவடைக்கு வரும்போது மற்றொன்று விதைப்புக்குக் காத்திருக்கும், ஆகவே இருக்கிற ஆள்பலமே எல்லாவற்றுக்கும் போதும். உயரத்தின் குளிரைக்கூட அவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கை இரவில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அந்த நிலங்களை ஒன்றுசேர்த்து ஒரே உயரத்தில் கொடுப்பது, அவர்களின் காப்பீட்டைப் பிடுங்கிக்கொண்டு கையில் பட்டாவைத் திணிப்பதற்குச் சமம்.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அறிக்கைகளில் பெரும்பாலும் அதற்குத் தரிசு என்றுதான் பெயர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஒருவர் தன் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். இதை நின்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மேலே உள்ள பொது நிலத்துக்கான வரம்பைக் கீழே உள்ள சொந்த நிலத்தின் வைக்கோல் தீர்மானிக்கிறது. கோடைக்கு மட்டும் வெளியிலிருந்து மாடு வாங்கி வந்து, பொதுவில் கொழுக்கவைத்து விற்றுவிட்டுப் போக யாராலும் முடியாது. மீறினால் அபராதம், அதை விதிப்பதும் ஊரே நியமித்த ஆள். பொதுவளத்தை மக்களே கட்டிக்காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் தன் ஆய்வுகளில் முக்கியமாகக் காட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. அவருக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தது. உலகின் மலைகளில் இப்படி எழுதப்பட்ட விதிகளும், அதைவிட அதிகமாக எழுதப்படாத விதிகளும் உண்டு. தரிசு என்று ஒரு நிலத்தைக் குறிக்கும் முன், அங்கே எந்த மாதத்தில் யாருடைய மந்தை வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? சரி, நீங்கள் அளக்கப்போன மாதத்தில் அங்கே யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம். அதனாலேயே அது யாருக்கும் இல்லாத நிலம் ஆகிவிடாது.

தண்ணீர் விஷயத்தில் உயரம் மட்டும் போதாது, உள்ளே பாறை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதும் வேண்டும். ஒரு ஊற்று வற்றினால் அதற்கு நேர் மேலே மரம் நடுகிறார்கள். சில இடங்களில் பலன் கிடைக்கும். பல இடங்களில் கிடைக்காது, ஏனென்றால் மழைநீர் பாறை அடுக்குகளின் சாய்வையும் வெடிப்புகளையும் பிடித்துக்கொண்டு நகரும். இந்தப் பக்கத்து ஊற்றுக்குத் தண்ணீர் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், வேறொரு ஊரின் எல்லையில் பெய்த மழையிலிருந்து வரலாம். சிக்கிம் அரசு 2008இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டம் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தது. நீர் எங்கே இறங்குகிறது என்று நிலவியல் அறிந்தவர்களைக் கொண்டு கண்டுபிடித்து, அந்தச் சரிவில் மழைநீர் நின்று இறங்கும்படி குழிகளும் வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஊற்றுகள் பல மீண்டன. இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. இத்தாலியில் போலோன்யா, பிளாரன்ஸ் நகரங்களுக்கு இடையிலான அதிவேக ரயிலுக்காக மலையைக் குடைந்தபோது முஜெல்லோ பகுதியில் ஓடைகளும் ஊற்றுகளும் வற்றிப்போயின, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. சுரங்கப்பாதை மேலே இருக்கும் ஊரைத் தொடுவதே இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று அறிக்கையில் எழுதுவது பரப்பை மட்டும் பார்க்கும் கண். ஊருக்கு 200 மீட்டர் கீழே துளை போட்டால் ஊரின் தண்ணீர் அந்தத் துளைக்குப் போய்விடும் என்பது அங்கே ஆடு மேய்ப்பவருக்கும் புரியும்.

இனி வையோந்த். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட இத்தாலியில் வையோந்த் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 262 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை கட்டினார்கள். அப்போது உலகின் மிக உயரமான அணைகளில் அதுவும் ஒன்று. நீர்த்தேக்கத்தின் ஒரு கரை மோந்தே டோக் என்ற மலை. 1960இல் நீரை நிரப்பத் தொடங்கியதும் மலைச்சரிவில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் ஓடியது, அதே நவம்பரில் சரிவின் ஒரு பகுதி ஏரிக்குள் விழுந்தது. பொறியாளர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் சரிவை மெதுவாக, தங்கள் கட்டுப்பாட்டில் நகரவைக்கலாம் என்று நினைத்தார்கள். மலைமேல் இருந்த எர்த்தோ ஊர்க்காரர்கள் முன்பே பயந்திருந்தார்கள். அவர்களின் அச்சத்தைப் பத்திரிகையில் எழுதிய தீனா மெர்லின் என்ற செய்தியாளர் மீது, பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் குலைத்ததாக வழக்குப் போட்டார்கள். 1960இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வேலை நிற்கவில்லை.

1963 அக்டோபர் 9 இரவு, மோந்தே டோக்கிலிருந்து ஏறத்தாழ 26 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் ஒரே வீச்சில் ஏரிக்குள் சரிந்தன. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழே இருந்த லோங்கரோனே நகரத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அணை உடையவில்லை. இன்றும் அப்படியே நிற்கிறது.

அணை தாங்குமா என்ற கேள்விக்கு அவர்கள் சரியான விடை கண்டிருந்தார்கள். மலை தாங்குமா என்பதைக் கேட்டவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் உங்கள் அறிக்கைகளில் கட்டுமானத்தின் உறுதிக்கு நூறு பக்கமும் சரிவின் உறுதிக்கு நாலு பக்கமும் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

அது இத்தாலி, அது பழைய காலம் என்று சொல்ல வேண்டாம். இமயமலையில் ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவு விட்டுப்போன மண்மேட்டின்மீது அமர்ந்திருக்கிறது, அங்கே கனமான கட்டுமானங்கள் வேண்டாம் என்று 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. பிறகு நடந்ததெல்லாம் அதற்கு மாறாகத்தான். 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்து, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதே மாவட்டத்தில் உள்ள ரைணி, 1974இல் பெண்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு வெட்ட விடாமல் நின்ற ஊர். அதன் காலடியில் நீர்மின் நிலையம் வந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று மேலே ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து வந்தபோது அந்த நிலையம் அடித்துச் செல்லப்பட்டது, கீழே கட்டிக்கொண்டிருந்த இன்னொரு திட்டமும் சிதைந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டங்களில் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். மலை பெயர்ந்ததற்குத் திட்டம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அது பெயரக்கூடிய பாதையில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

மலையைக் கவனித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே பாறை நகர்வதைக் கருவிகள் காட்டின. ஊரில் இருந்த ஏறத்தாழ 300 பேரையும் வெளியேற்றினார்கள். சில நாட்களில், மே 28 அன்று, பனியாறு இடிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. உயிரிழந்தவர் ஒருவர். வீடுகள் போயின, தேவாலயம் போயிற்று, ஊர் என்று சொல்ல மிச்சம் அதிகமில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் மலையில் எதுவுமே கட்டக் கூடாதா, அவர்கள் அப்படியே அருங்காட்சியகப் பொம்மைகளாக இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். எப்போதும் கேட்கும் கேள்விதான். மலையைக் காப்பாற்றுங்கள் என்று சமவெளியிலிருந்து கூவுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. குளிர்காலத்தில் மூன்று மாதம் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகும் ஊரில் அவர்கள் ஒரு பருவம் இருந்து பார்க்கட்டும். மலைக்காரர்களுக்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், மருத்துவர் வேண்டும். உயரத்தைக் கணக்கில் எடுத்துச் செய்த வேலைகள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பதையும் பாருங்கள். நேபாளத்தில் ஆயிரக்கணக்கான தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆற்றைக் கடக்க நெடுந்தூரம் சுற்றவோ, வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைக்கவோ தேவையில்லாமல் ஆயிற்று. பொலிவியாவில் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் எல் ஆல்டோவிலிருந்து கீழே லா பாஸுக்கு வேலைக்கு இறங்குகிறவர்கள் வளைந்து வளைந்து பேருந்தில் போவார்கள். 2014 முதல் கம்பிவட ஊர்தியில் நேராக இறங்குகிறார்கள். கொலம்பியாவின் மெடயின் நகரம் 2004இலேயே குன்றின்மேல் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு இதைச் செய்து, நகர ரயிலோடு இணைத்தது. அங்கெல்லாம் சரிவைத் தடையாகப் பார்க்காமல் பாதையாகப் பார்த்தவர் யாரோ ஒருவர் வரைபட மேசையில் இருந்திருக்கிறார்.

பணம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மலையிலிருந்து இறங்கும் நீருக்குக் கீழே இருப்பவர்கள் விலை கொடுக்கலாம், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நியூயார்க் நகரம் பெரும் செலவில் வடிகட்டு நிலையம் கட்டுவதைத் தவிர்த்து, 1997 ஒப்பந்தத்தின்படி கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களுக்கும் விவசாயிகளுக்கும் நீர்ப்பிடிப்பைக் காக்கப் பணம் தந்தது. லெசோத்தோவின் மலைநீருக்குத் தென்னாப்பிரிக்கா உரிமைத்தொகை கட்டுகிறது, அதற்கான ஒப்பந்தம் 1986இல் போட்டது. உங்கள் மின்நிலையத்தின் வருவாய்க் கணக்கில் மலைக்கிராமத்துக்கு ஒரு நிரந்தரப் பங்கு ஏன் இல்லை என்பதற்கு இதுவரை ஒழுங்கான பதிலை நான் பார்த்ததில்லை. ஒருமுறை இழப்பீடு கொடுத்தாயிற்று என்பார்கள். தண்ணீர் ஒருமுறைதான் இறங்குகிறதா?

ஆட்கள் வெளியேறுவதை மட்டும் நீங்கள் தவறாமல் பதிவு செய்கிறீர்கள். மக்கள்தொகை குறைந்துவருகிறது, ஆகவே பாதிப்பும் குறைவு என்று எழுதி ஒரு படி மேலேயும் போகிறீர்கள். மலையில் ஆட்கள் குறைந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும். பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ படிவயல்களைப் பாருங்கள். உச்சியில் குடும்பங்கள் பேணும் காடு, அது பிடித்துவைக்கும் நீர் வாய்க்கால் வழியாக மேல் வயலுக்கு, அங்கிருந்து அடுத்த வயலுக்கு, அப்புறம் அதற்கும் கீழே. ஒருவர் நகரத்துக்குப் போய், அவருடைய வரப்பும் கல்சுவரும் கவனிப்பாரற்றுப் போனால், ஒரு மழையில் அது பிளந்து, நீரும் மண்ணும் கீழே இருப்பவர் வயலில் இறங்கும். கீழே இருக்கும் அந்த மனிதர் ஊரிலேயே இருந்து தன் சுவரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. யுனெஸ்கோ 2001இல் அந்த வயல்களை ஆபத்தில் உள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது, 2012இல்தான் நீக்கியது. சரிவில் கல்சுவரைச் சரிசெய்யும் ஒவ்வொருவரும் கீழே இருக்கும் எல்லாருக்காகவும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார். அவருடைய பிள்ளைகள் ஊரில் இருக்கும்படி ஒரு பள்ளிக்கூடம், ஒரு செவிலியர், ஒரு பேருந்து கொடுப்பது உங்கள் திட்டத்தின் பாதுகாப்புச் செலவுதான். அதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். சுற்றுச்சூழல் அறிக்கையில் ஒவ்வொரு ஊருக்கும் உயரம், சரிவு, எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, ஊற்றுகள் எங்கே, மந்தை எந்த மாதம் எங்கே என்று ஒரு பக்கம் வையுங்கள். பழைய சரிவுகள் எங்கே நடந்தன என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டு, அதைத் தனி வரைபடமாக இணையுங்கள். உங்கள் நிலவியலாளர் அதை ஏற்காவிட்டால், ஏன் என்று எழுத்தில் சொல்லட்டும். வேலை தொடங்கிய பிறகு சரிவில் பொருத்தும் விரிசல் மானிகளின் அளவுகளை அலுவலக அலமாரியில் பூட்டாமல், அந்த ஊர் மொழியில், அந்த ஊர்ப் பலகையில், வாரந்தோறும் ஒட்டுங்கள்.

பிறகு அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதை வழக்கமாகக் கோடையில் வைக்கிறீர்கள், சாலை திறந்திருக்கும், உங்கள் வண்டிகள் வர வசதி. மேய்ச்சல் ஊர்களில் கோடையில்தான் உடம்பில் தெம்புள்ள அத்தனை பேரும் மந்தையோடு மேல் புல்வெளிக்குப் போயிருப்பார்கள். கூட்டத்தில் எதிர்ப்பு எதுவும் எழவில்லை என்று நீங்கள் எழுதும் வரிக்கு அதுதான் காரணம். மந்தை கீழே இறங்கிய பிறகு ஒரு தேதி வையுங்கள். மாவட்டத் தலைநகரில் வேண்டாம், ஊரிலேயே வையுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கடைசிச் சில கிலோமீட்டரை நடந்து வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளின் வாசகர் ஒருவர்